குளியலறையும் மின்கம்பியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடை இசைக்கும் இலக்கியத்திற்கும் உரியது. பிள்ளைகளின் நாட்டியமும் இளைஞர்களின் நாடகமும் திரைக்குப் பின்னே காத்திருக்கும் இவ்வேளையில், குளியலறையைப் பற்றிப் பேச நாம் எழுந்து நிற்பது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். நாம் மின்பொறியியல் கற்றோமில்லை. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி இரயில்வே எழுத்தராகச் சேர்ந்தோம். ஆயினும் பட்டறிவு தந்த பாடம் ஒன்று உண்டு. அதை நம் மக்களுக்குச் சொல்லாமல் நெஞ்சில் பூட்டி வைப்பது முறையன்று என்று கருதியே செயலாளரிடம் வேண்டிச் சில நிமிடங்கள் பெற்றோம்.

நாம் வாழும் மாநிலத்தில் நீரும் மின்சாரமும் உடன்பிறப்புகள். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமாகிய பள்ளிவாசல், மூணாற்றுக்கு அருகே 1940-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையே வளைந்து நிற்கும் இடுக்கி அணையின் நீரால் 1976-ஆம் ஆண்டு முதல் மின்சாரம் பிறக்கிறது. மலையிலே இவ்வாறு ஒற்றுமையாய்ப் பிறக்கும் இவ்விரண்டும் நம் வீட்டுக் குளியலறையில் ஒன்றையொன்று சந்திக்குமாயின், அங்கே மனித உயிர் இடையில் அகப்பட்டுக் கொள்கிறது.

நம் காலனிக் குடும்பங்களில் பலருக்கும் வாளையாறு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலோ, அப்பால் மறையூர், தேவிகுளம், குமுளிப் பக்கத்திலோ சொந்த வீடோ உறவினர் வீடோ உண்டு. அண்மை ஆண்டுகளில் அவ்வீடுகளிலெல்லாம் குளியலறையைப் புதுப்பிக்கும் வேலை மும்முரமாக நடைபெறுகிறது. முதிய பெற்றோர்க்கு வெந்நீர் வேண்டும். முழங்கால் வலிக்கு உயர்ந்த பீங்கான் இருக்கை வேண்டும். சலவை இயந்திரத்திற்கும் இடம் வேண்டும். இவை வேண்டுவனவே. ஆனால் புதுப்பிக்கும்போது நம் கண்கள் ஓடுகளின் நிறத்தையும் குழாய்களின் பளபளப்பையும் பார்க்கின்றனவேயன்றி, சுவருக்குள் ஓடும் கம்பியைப் பார்ப்பதில்லை. நாமும் பார்க்கவில்லை.

நிகழ்ந்ததைச் சொல்லிவிடுகின்றோம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் உள்ள நம் பழைய வீட்டில் தாயார் வசிக்கிறார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கீசர் பொருத்தினோம். அதன் மூன்றாவது கம்பியை, அதாவது ‘எர்த்’ கம்பியை, யாரும் எங்கும் இணைக்கவில்லை. வெந்நீர் வந்தது, நாம் மகிழ்ந்தோம். சென்ற கோடையில் குளியலறையின் தரையையும் சுவரையும் புதுப்பித்தோம். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பி.வி.சி. குழாய் பதித்தார்கள். கீசருக்கு அருகே சாணளவு இரும்புத் துண்டுகளும் பித்தளைக் குழாய்த் திருகும் மட்டும் பழையபடியே நின்றன.

வேலை முடிந்த மறுநாளே தாயார் சொன்னார்கள்: “குழாயைத் தொட்டால் உள்ளங்கை சுரீர் என்கிறதப்பா.” தாயாருக்கு நீரிழிவு நோய் உண்டு. “அது நரம்புத் தளர்ச்சி அம்மா, மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள்” என்று மறுமொழி கூறினோம். மூன்று நாள் சொன்னார்கள். மூன்று நாளும் அதே மறுமொழி. நான்காம் நாள், விடுமுறைக்குச் சென்றிருந்த நம் மகள் வெறுங்காலுடன் ஈரத்தரையில் நின்று அதே குழாயைத் திருகினாள். அலறல் கேட்டு ஓடினோம். நல்வினைப் பயனாக அவள் பின்புறமாகச் சாய்ந்து விழுந்ததால் கை விடுபட்டது. முழங்கையில் எலும்பு முறிவோடு பிழைத்தாள். தாயார் பிழைத்திருந்ததற்குக் காரணம், கால்புண் வாராதிருக்க மருத்துவர் சொற்படி குளியலறையிலும் இரப்பர்ச் செருப்பு அணிந்திருந்ததே ஆகும்.

உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை வரவழைத்தோம். அவர் மின்னளவியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைத் தரையின் நீர்ப்போக்கு இரும்பிலும் வைத்தார். முள் 90 வோல்ட்டைத் தாண்டி நின்றது. கீசரின் உள்ளே வெப்பமூட்டும் சுருள் பழுதாகி மின்சாரம் அதன் உலோக உடலுக்குக் கசிந்து கொண்டிருந்தது. “இக்கசிவு நெடுநாளாக இருந்திருக்கக்கூடும். இதுகாறும் மண்ணில் புதைந்திருந்த இரும்புக் குழாய் அதைத் தரைக்குக் கடத்தி உங்களைக் காத்து வந்தது. நடுவே பி.வி.சி. வைத்ததும் அவ்வழி அடைபட்டது. கசிந்த மின்சாரம் குழாய்த் திருகிலேயே தங்கி, தொடுவார் உடல் வழியாகத் தரைக்கு இறங்கப் பார்க்கிறது” என்றார்.

அன்பர்களே! நாம் சொல்ல எழுந்த செய்தி இதுவே. பழைய குளியலறையில் நாம் அறியாமலே சில காப்புகள் இருந்திருக்கலாம். மாற்றியமைக்கும்போது அவை ஓசையின்றி அறுந்துவிடுகின்றன. ஆகவே குளியலறையில் குழாயை மாற்றினாலும் சரி, கம்பியை மாற்றினாலும் சரி, காப்பு முழுவதையும் முதலிலிருந்து சோதித்தறிய வேண்டும். குழாய் வேலை வேறு, மின்வேலை வேறு என்று எண்ணினோம். அவ்வெண்ணமே நம்மை ஏமாற்றியது.

குளியலறையில் மட்டும் ஏன் இத்தனை அச்சம் என்று வினவலாம். உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த உடலின் தடையோ ஏறத்தாழ 1000 ஓம் அளவிற்கு இறங்கிவிடக்கூடும். நம் வீட்டு மின்னழுத்தமாகிய 230 வோல்ட்டை 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லியாம்பியர். ஏறத்தாழ 10 மில்லியாம்பியரைத் தாண்டினாலே தசைகள் இறுகி, பற்றிய பொருளைக் கை விடாது போகலாம். 30 மில்லியாம்பியருக்கு மேற்பட்டுச் சற்று நேரம் பாய்ந்தாலே இதயத்தின் துடிப்பு தாறுமாறாகும் இடர் உண்டு. நம் வீட்டுப் பலகையில் உள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைத் தடுக்காதோ எனில், தடுக்காது. 2000 வாட் கீசர் எடுத்துக் கொள்வதே 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. அத்தனையையும் விடுத்து நிற்கும் எம்.சி.பி.க்கு, ஓர் உயிரைப் போக்கும் 0.23 ஆம்பியர் பொருட்டே அன்று. அது கம்பியைத் தீயினின்று காப்பது. மனிதரைக் காப்பதற்கென அமைந்தது அன்று.

மனிதரைக் காப்பதற்கு மூன்று துணைகள் வேண்டும். ஒன்று, நாம் ‘எர்த்’ என்று வழங்கும் நிலத்தொடர்பு. இரண்டு, பிணைப்பு. மூன்று, ஈ.எல்.சி.பி. என்று கடைகளில் இன்றும் கேட்கப்படும் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு விசை. இம்மூன்றும் வெவ்வேறு பணி செய்வன. ஒன்று இருக்கிறதென்று மற்றொன்றை விடலாகாது.

பிணைப்பு என்றால் என்ன? இரயில்வேக் குடும்பத்தாருக்கு இதை விளக்குதல் எளிது. நம் நிலையத்தில் தண்டவாளத்தின் மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. அதைத் தாங்கும் இரும்புக் கம்பங்களின் அடியைத் தொலைவில் நின்று உற்று நோக்குங்கள். தட்டையான இரும்புப் பட்டை ஒன்று கம்பத்தைத் தண்டவாளத்தோடு பிணைத்திருக்கும். சில இடங்களில் கம்பத்திற்குக் கம்பம் தனியே நிலக்கம்பி ஓடும். இவ்வாறு உலோகங்களைக் கோத்து வைப்பதன் நோக்கம், எங்கேனும் பழுது நேரின் ஓர் இரும்புக்கும் அருகிலுள்ள மற்றோர் இரும்புக்கும் இடையே பேரழுத்த வேறுபாடு தோன்றாதிருத்தல். மின்சாரம் வேறுபாடு உள்ள இடத்தில்தான் பாயும். ஒரே கம்பியில் இரு கால்களையும் ஊன்றி அமர்ந்த காக்கை பிழைத்திருப்பது அதனாலன்றோ!

குளியலறையிலும் இதே நெறிதான். கீசரின் உலோக உடல், தண்ணீரும் வெந்நீரும் வரும் உலோகக் குழாய்கள், மண்ணோடு தொடர்புடைய பிற உலோகங்கள் ஆகியவற்றை ஒரு செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்து, அக்கோவையை நிலத்தொடர்போடு சேர்ப்பதே பிணைப்பு. குழாய்க்குள் செலுத்திக் காத்த கம்பியாயின் 2.5 சதுர மில்லிமீட்டரும், வெளியே தெரிய ஓடுமாயின் 4 சதுர மில்லிமீட்டரும் குறையாதிருத்தல் நன்று. பிணைப்பு இருந்தால், கசிவு நேர்ந்தாலும் ஒரு கையால் கீசரையும் மறுகையால் குழாயையும் தொடுபவருக்கு இரண்டும் ஒரே அழுத்தத்தில் இருக்கும்.

எல்லா உலோகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பிணைக்க வேண்டுமென்பதும் இல்லை. பி.வி.சி. குழாயின் முனையில் தனித்து நிற்கும் பித்தளைத் திருகும், ஓட்டுச் சுவரில் திருகிய துண்டுத் தாங்கியும் தம்மளவில் எங்கிருந்தும் மின்சாரத்தைக் கொண்டு வருவன அல்ல. நம் வீட்டுத் திருகோ தனித்து நிற்கவில்லை. இரும்புத் துண்டின் வழியே கீசரோடு சேர்ந்திருந்தது. இவ்வேறுபாட்டைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. அளவி கொண்டு அறிய வேண்டும்.

இனி நிலத்தொடர்பு. “எங்கள் வீட்டில் எர்த் உள்ளது, கவலையில்லை” என்று சிலர் கூறுவர். எத்தகைய மண்ணில் உள்ளது என்பதை எண்ண வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் கோடைக் காற்றில் நம் மண் வெடித்து உலர்ந்துவிடுகிறது. மறையூர், மூணாறு மலைப்பக்கத்தில் பல இடங்களில் மேலே சிறிது மண், கீழே பாறை. உலர்ந்த மண்ணும் பாறையும் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. இரண்டரை மீட்டர் நீளக் குழாயைப் புதைத்தும் அதன் தடை 50 ஓம் இருக்கிறதென வைத்துக் கொள்வோம். கீசரில் முழுப் பழுது நேர்ந்தால் அவ்வழியே ஓடுவது 230-ஐ 50-ஆல் வகுத்த 4.6 ஆம்பியர் அளவே. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது, கீசரின் உடல் ஏறத்தாழ முழு அழுத்தத்தோடு நின்று கொண்டேயிருக்கும். எர்த் இருந்தும் உயிருக்கு உறுதி இல்லை.

இங்கேதான் கசிவு விசை கை கொடுக்கிறது. சென்ற மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று அது இடையறாது ஒப்புநோக்குகிறது. 30 மில்லியாம்பியர் வகை விசையாயின், அவ்வளவு குறைந்தாலே நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வறண்ட மண்ணுக்கு இதனினும் சிறந்த நண்பன் இல்லை. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் இவ்விசை மட்டும் இருக்குமானால், கசிவுக்கு வழி ஏற்பட ஒரு மனிதர் தொடும்வரை அது காத்திருக்கும். அவருக்கு ஓர் அதிர்ச்சி நேர்ந்த பின்னரே விழும். மேலும், பேஸ், நியூட்ரல் என்னும் இரு கம்பிகளையும் ஒருசேரப் பற்றியவரை இது அறியாது. ஆகவேதான் மூன்றும் வேண்டும் என்றோம்.

“விசை அடிக்கடி விழுகிறது, எனவே அதைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுத்துவிட்டோம்” என்று சொல்லும் வீடுகளும் உள. அன்பர்களே, விழுவது அதன் குற்றம் அன்று. எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது நியூட்ரல் கம்பி தவறாகக் கலந்திருக்கிறது என்று அது முறையிடுகிறது. தாயார் மூன்று நாள் முறையிட்டதை நாம் கேளாதிருந்தது போலவே, அம்முறையீட்டையும் கேளாதிருக்கிறார்கள். அதன் முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிடில் உடனே மாற்றுங்கள்.

வெளிநாட்டு நூல்களைப் படித்த இளைஞர் சிலர், பிணைப்பெல்லாம் பழைய வழக்கம் என்று கூறலாம். பிரிட்டனில் 2008-ஆம் ஆண்டு விதிகள் குளியலறையின் தனிப் பிணைப்பைத் தவிர்க்க இடமளித்தது உண்மையே. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு: அறையின் எல்லா மின்சுற்றுகளுக்கும் 30 மில்லியாம்பியர் கசிவு விசை இருத்தல் வேண்டும், உரிய நேரத்திற்குள் இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும், வீட்டிற்குள் வரும் உலோகக் குழாய்கள் முதன்மை நிலத்தொடர்போடு முறையாகப் பிணைந்திருக்க வேண்டும். நம் பழைய வீடுகளில் இவையெல்லாம் நிறைவேறியுள்ளன என்று சோதித்தறியாமல் அச்சலுகையை மட்டும் எடுத்துக் கொள்ளுதல் தகாது.

சட்டம் கூறுவதையும் நினைவூட்டுகின்றோம். மத்திய மின்சார ஆணையம் 2010-ஆம் ஆண்டில் வகுத்து, 2023-ஆம் ஆண்டில் புதிதாக வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, வீட்டு மின்னமைப்பில் கூட்டலும் மாற்றலும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வழியாகவே, தகுதிச் சான்று பெற்றவர் மேற்பார்வையில் நடைபெற வேண்டும். விளக்கையோ விசிறியையோ சுவிட்சையோ அதே திறனுள்ள மற்றொன்றாக மாற்றுவது இதில் அடங்காது. கீசருக்குப் புதிய இணைப்பு இழுப்பது அடங்கும். கேரளத்தில் இவ்வுரிமங்களை மாநில மின் உரிமக் குழு வழங்குகிறது. வேலைக்கு வருபவரிடம் அட்டையைக் கேட்பதில் வெட்கம் எதற்கு? பயணச்சீட்டைக் கேட்டால் நாம் யாரும் கோபித்துக் கொள்வதில்லையே! நாம் குடியிருக்கும் காலனி வீடுகளோ இரயில்வேக்கு உரியவை. அவற்றில் ஓர் ஆணி அளவு மின்மாற்றமும் மின்பகுதியாரின் அனுமதியின்றிச் செய்தல் கூடாது. பழுது தெரிந்தால் புகார்ப் புத்தகத்தில் எழுதி, நாளையும் குறித்துக் கொள்ளுங்கள்.

மாற்றியமைக்கும்போது கருத்தில் கொள்ள வேண்டுவனவற்றைத் தொகுத்துக் கூறுகின்றோம். கீசருக்கு என்று தனிச் சுற்றும் 16 ஆம்பியர் மூன்று முனைச் செருகியும் வேண்டும். இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் சுவிட்சைக் கதவுக்கு வெளியே அமைக்க வேண்டும். பூந்தூறலாக நீர் விழும் குழாயிலிருந்து சுற்றிலும் 1.2 மீட்டர் தூரமும், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரமும் அபாய எல்லை என்பது உலக வழக்கில் உள்ள அளவு. நம் சிறிய குளியலறைகள் பெரும்பாலும் முழுவதுமே அவ்வெல்லைக்குள் அடங்கிவிடும். ஆகையால் சலவை இயந்திரத்திற்கான செருகியை அறைக்குள்ளே வைக்க எண்ணாதீர்கள். செருகியின் எர்த் துளையை நியூட்ரலோடு உள்ளுக்குள் முடிந்துவிடும் குறுக்கு வழியை ஒருபோதும் அனுமதியாதீர்கள். நியூட்ரல் அறுந்த அன்று கீசரின் உடல் முழுவதும் மின்சாரமாகிவிடும். தண்ணீர்க் குழாயையே எர்த் ஆகக் கொள்ளலாகாது என்பதற்கு நம் வீடே சான்று. புதைத்த எர்த் குழாயின் தடையைக் கோடையில் அளக்கச் சொல்லுங்கள்; மழைக்காலத்து அளவு நம்மை ஏமாற்றும்.

மலைப்பக்கத்து உறவினர்க்குத் தனியே ஒரு சொல். மார்கழிக் குளிரில் வாளி நீரில் ஹீட்டர் கம்பியை அமிழ்த்தும் வழக்கம் லயங்களிலும் சிறு வீடுகளிலும் உண்டு. அதன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. செருகியையும் உருவிய பின்னரே நீரில் விரல் வைக்க வேண்டும். அது இயங்கும்போது வாளி குழந்தைகள் அணுகும் இடத்தில் இருத்தலாகாது.

இத்தனைக்கும் மேலாக ஒருவர் அகப்பட்டுக் கொண்டால், ஓடிச்சென்று அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது இயலாவிடில், ஈரமில்லாத இடத்தில் நின்று உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். மூச்சும் உணர்வும் இல்லையெனில் 108-ஐ அழைக்கச் சொல்லி, மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

நம் வீட்டில் பின்னர் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். புதிய நிலத்தொடர்பு, மூன்று கம்பி இணைப்பு, கீசருக்கும் இரும்புத் துண்டுகளுக்கும் பிணைப்பு, 30 மில்லியாம்பியர் கசிவு விசை ஆகிய அனைத்திற்கும் ஆன செலவு, ஓடுகளுக்குச் செலவிட்டதில் பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. ஓடுகளின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று கடைகள் ஏறி இறங்கிய நாம், இதற்கு மூன்று நிமிடமும் ஒதுக்கியிருக்கவில்லை. மகளின் முழங்கை கூடிவிட்டது. தாயார் இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் நாள் நாட்காட்டித் தாளைக் கிழித்ததும் அந்தப் பொத்தானை அழுத்தி, “விழுந்துவிட்டதப்பா” என்று தொலைபேசியில் சொல்கிறார்கள். நாம் முழுமையாகக் கேட்டுக்கொள்கின்றோம்.

விழாவுக்கு வந்திருக்கும் நீங்கள் வீடு திரும்பியதும் ஒன்று செய்ய வேண்டுகின்றோம். உங்கள் வீட்டில் முதியோரோ குழந்தையோ, “குழாய் சுரீர் என்கிறது” என்று எப்போதேனும் சொன்னதுண்டா என்று கேளுங்கள். சொன்னதுண்டெனில் அன்றே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தகுந்தவரை அழையுங்கள்.